ஃபில் ஸ்காட்: வெர்மான்ட் ஆளுநரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அரசியல் என்றாலே நம் பேச்சு வாஷிங்டனைத் தாண்டுவதில்லை. மாநில அரசியல் பக்கம் வந்து வெர்மான்ட் ஆளுநர் ஃபில் ஸ்காட்டின் பெயரை எடுத்தால் உடனே சந்தேகங்கள் கிளம்பும், அதுவும் எப்போதும் ஒரே சந்தேகங்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

யார் சார் இந்த ஃபில் ஸ்காட்? டிவியில் பெயரே அடிபடுவதில்லையே?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தின் ஆளுநர். குடியரசுக் கட்சிக்காரர். 1958-இல், கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போன பேரி என்ற சிறு நகரில் பிறந்தவர். தந்தை இரண்டாம் உலகப்போரில் கால்களை இழந்த ராணுவ வீரர். ஸ்காட்டுக்கு 11 வயதாகும்போது அவர் இறந்துவிட்டார்.

2001 முதல் 10 ஆண்டுகள் மாநில செனட்டர், 2011 முதல் 6 ஆண்டுகள் துணை ஆளுநர், 2017 ஜனவரியிலிருந்து ஆளுநர். அரசியல் வாழ்க்கை முழுக்க மான்ட்பீலியர் என்ற குட்டித் தலைநகரில்தான். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களிலேயே மக்கள்தொகை குறைந்தது அதுதான். வாஷிங்டன் பக்கம் அவர் போட்டியிட்டதே இல்லை. டிவியில் பெயர் வராததற்குப் பாதிக் காரணம் இதுவே.

ஆளுநர் என்றால் நம்ம ஊர் ஆளுநர் மாதிரி ராஜ்பவனில் இருப்பவர்தானே?

இல்லை. நம் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவில் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அரசை நடத்துவதும், பட்ஜெட் போடுவதும், துறைத் தலைவர்களை நியமிப்பதும் அவர்தான். அந்த வகையில் நம் முதலமைச்சருக்குத்தான் நெருக்கம்.

ஆனால் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. சட்டமன்றத்தில் பெரும்பான்மை இல்லாவிட்டால் நம் முதலமைச்சரால் ஒரு நாள்கூட நிம்மதியாக நாற்காலியில் உட்கார முடியாது. அங்கே ஆளுநர் தேர்தல் தனி, சட்டமன்றத் தேர்தல் தனி. ஸ்காட் ஆளுநராக இருந்த காலம் முழுக்க இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில்தான் இருந்திருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

ரேஸ் கார் ஓட்டுகிறவராமே, நிஜமா?

நிஜம்தான். பேரியில் தண்டர் ரோடு என்று ஒரு ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகள் ஓட்டி, சாம்பியன் பட்டமும் மூன்று முறை வென்றவர். ஆளுநரான பிறகும் தடத்தில் இறங்கினார். ஆளுநராகும் வரை தொழிலில் அவர் கட்டுமான நிறுவனம் ஒன்றின் பங்குதாரர். மண் தோண்டுவது, சாலை போடுவது மாதிரியான வேலைகள்.

இதெல்லாம் அரசியலுக்கு எப்படி ஒத்துவரும் என்றால், வெர்மான்ட் சட்டமன்றம் முழுநேர வேலையே அல்ல. ஜனவரியில் கூடி மே, ஜூன் வாக்கில் கலைந்துவிடும். கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களுக்குத்தான் சம்பளம். அதனால் உறுப்பினர்களில் விவசாயிகள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் என்று பலரும் சொந்தத் தொழிலோடு வருகிறார்கள். ஸ்காட்டும் அப்படி வந்தவர்தான்.

எதிர்க்கட்சி ஆளும் செனட்டில் இவரை எப்படிக் குழுத் தலைவர் ஆக்கினார்கள்?

கேட்கும் எல்லோருக்கும் இது வியப்பாக இருக்கிறது. வெர்மான்ட் செனட்டில் மொத்தமே 30 பேர். கட்சி பார்த்தே எல்லாவற்றையும் பிரித்தால் வேலை ஓடாது. அதனால் பெரும்பான்மைக் கட்சி சில குழுக்களை மறுதரப்பு ஆட்களிடம் கொடுப்பது அங்கே வழக்கம். அரசுக் கட்டடங்களையும் மூலதனச் செலவுகளையும் கவனிக்கும் குழு ஸ்காட்டிடம் வந்தது. கட்டுமானத் தொழில் செய்தவருக்கு ஏற்ற வேலை.

அவர் ஜெயித்தது வெர்மான்ட்டுக்குள்ளேயே இருக்கும் வாஷிங்டன் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) என்ற தொகுதியில், தலைநகர் வாஷிங்டன் அல்ல. அங்கே 3 இடங்கள். ஒரே ஓட்டுச் சீட்டில் ஒரு வாக்காளர் 3 பேருக்கு ஓட்டுப் போடலாம். கட்சி அபிமானம் மாறாமலே, "இரண்டு ஓட்டு அவர்களுக்கு, ஒன்று இந்தப் பையனுக்கு" என்று போட்டுவிட்டுப் போக முடியும். கட்சி கடந்து ஓட்டு வாங்கும் பழக்கம் ஸ்காட்டுக்கு இங்கேதான் வந்தது என்பது என் கணிப்பு.

துணை ஆளுநர் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும் பதவிதானே? அதில் 6 வருஷம் என்ன செய்தார்?

பெரும்பாலும் சும்மாதான். செனட்டைத் தலைமை தாங்கி நடத்துவார், ஓட்டு சமமாக விழுந்தால் தீர்ப்பு ஓட்டுப் போடுவார், ஆளுநர் மாநிலத்தில் இல்லாதபோது பொறுப்பு வகிப்பார். இதிலும் ஒரு விசேஷம்: வெர்மான்ட்டில் துணை ஆளுநரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2010-இல் ஆளுநராக ஜெயித்த பீட்டர் ஷம்லின் ஜனநாயகக் கட்சி, துணை ஆளுநர் ஸ்காட் குடியரசுக் கட்சி. ஷம்லின் இவரைத் தன் அமைச்சரவைக் கூட்டங்களுக்கும் அழைத்துக்கொண்டார்.

கையில் இருந்த நேரத்தை ஸ்காட் ஊர் ஊராகப் போவதில் செலவிட்டார். கடை, பண்ணை, தொழிற்கூடம் என்று போய் அங்கிருப்பவர்களோடு சேர்ந்து ஒரு நாள் வேலை செய்வார். அதற்கும் முன்னாலேயே, 2005-இல், டயர் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். மக்கள் பழைய பனிக்கால டயர்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பரிசோதித்து, ஓடக்கூடியவற்றை மலிவு விலைக்கு விற்று, அந்தப் பணத்தை ஏழை வீடுகளின் குளிர்கால எரிபொருள் செலவுக்குக் கொடுப்பார்கள். பனி கொட்டும் மாநிலத்தில் டயரும் வீட்டுச் சூடும் வாழ்க்கைப் பிரச்சினைகள். பிற்பாடு ஓட்டுச் சீட்டில் இவர் பெயரைப் பார்த்தவர்களில் பலருக்கு நினைவு வந்தது கட்சிச் சின்னம் இல்லை, இந்த டயர்தான்.

இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஊரில் குடியரசுக் கட்சிக்காரர் எப்படி ஜெயிக்கிறார்? ஏதோ இடிக்கிறதே?

இடிப்பது இன்றைய வெர்மான்ட்டை மட்டும் பார்ப்பதால். ஒரு காலத்தில் இது குடியரசுக் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை. 1964 வரை அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு ஒருமுறைகூட விழாத மாநிலம். ஆளுநர் பதவியும் நூறாண்டுகளுக்கு மேல் அவர்களிடமே இருந்து, 1962-இல்தான் பில் ஹாஃப் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் அதை உடைத்தார். அந்தப் பழைய குடியரசுக் கட்சி சிக்கனம் பேசும், ஆனால் தனிமனித விஷயங்களில் தலையிடாது. ஸ்காட் அந்த வழியில் வந்தவர். வரியை ஏற்றாதே என்பார், கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பார்.

எண்களைப் பாருங்கள். 2016-இல் 53 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, 2018-இல் 55, 2020-இல் 68, 2022-இலும் 2024-இலும் 73. அதே 2024-இல் அதே மக்கள் அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கும் மேல் போட்டார்கள், வாஷிங்டன் செனட்டுக்கு சாண்டர்ஸையும் அனுப்பினார்கள். அதாவது ஒரே நாளில், ஒரே சீட்டில் சாண்டர்ஸுக்கும் ஸ்காட்டுக்கும் ஓட்டுப் போட்டவர்கள் ஏராளம்.

2016, 2018, 2020... இது என்ன, இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தலா?

ஆமாம். அமெரிக்காவில் வெர்மான்ட்டிலும் நியூ ஹாம்ப்ஷரிலும் மட்டும் ஆளுநரின் பதவிக்காலம் 2 ஆண்டுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். கேட்க ஆபத்தாகத் தெரிந்தாலும், பதவியில் இருக்கும் ஆளுநரை வெர்மான்ட் மக்கள் தோற்கடித்தது கடைசியாக அந்த 1962-இல்தான்.

எதற்கெடுத்தாலும் வீட்டோ போடுகிறாராமே?

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஏற்காமல் திருப்பி அனுப்புவதுதான் வீட்டோ. அப்படி 50-க்கும் மேல் போட்டிருக்கிறார். வெர்மான்ட் வரலாற்றில் வேறு யாரும் இதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. ஹோவர்ட் டீன் 11 ஆண்டுகளுக்கு மேல் ஆளுநராக இருந்தவர். அவருடைய எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணம் இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான். சட்டமன்றம் தன் கையில் இல்லாத ஆளுநருக்கு மசோதாவை உருவாக்கும் பலம் கிடையாது, தடுக்கும் பலம் மட்டும் உண்டு. மசோதா வந்து ஞாயிறு நீங்கலாக 5 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கிடப்பில் போட்டு வருஷக்கணக்கில் இழுக்கும் வித்தையெல்லாம் அங்கே செல்லாது. திருப்பி அனுப்பினால் காரணத்தோடு அனுப்ப வேண்டும்.

ஸ்காட்டின் காரணக் கடிதங்கள் பெரும்பாலும் காசைப் பற்றியவை. புது வரி வருகிறது, கட்டணம் ஏறுகிறது, சின்னக் கடைக்காரரால் தாங்க முடியாது என்ற ரீதியில் போகும். கொள்கை முழக்கம் குறைவு. இதைத்தான் திருத்தினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று வழியும் சொல்லிவிடுவார் பல நேரம்.

2017-இல் கஞ்சா மசோதாவை அப்படித்தான் திருப்பினார். திருத்தி அனுப்பியதும் 2018 ஜனவரியில், விழா எதுவும் வைக்காமல், அறைக்குள் கையெழுத்துப் போட்டார். பொது வாக்கெடுப்பு இல்லாமல் சட்டமன்றத்தின் வழியாகவே கஞ்சா வைத்திருப்பதைச் சட்டபூர்வமாக்கிய முதல் மாநிலம் அப்படித்தான் வெர்மான்ட் ஆனது. கையெழுத்துப் போட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர்!

வீட்டோ போட்டும் மறுபடி நிறைவேற்றிவிடுகிறார்களே, அப்புறம் அதனால் என்ன லாபம்?

இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் வீட்டோவை மீறிச் சட்டமாக்கலாம். 150 பேர் கொண்ட கீழவையில் எல்லோரும் வந்திருந்தால் 100 ஓட்டு வேண்டும், செனட்டில் 20. ஸ்காட்டின் ஆளுநர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்கள் போதும்.

முதல் இரண்டு ஆண்டுகள் கீழவையில் அவர் கட்சிக்கு 50-க்கு மேல் ஆட்கள் இருந்தார்கள், வீட்டோ நின்றது. பிறகு எண்ணிக்கை இறங்கியது. 2020 பிப்ரவரியில் குடும்ப விடுப்புச் சம்பள மசோதாவை மீற கீழவையில் ஓட்டெடுத்தார்கள்: 99-51. ஒரே ஒரு ஓட்டில் ஸ்காட் தப்பித்தார். அதே மாதம் குறைந்தபட்சக் கூலி மசோதாவில் தப்பவில்லை, அது அவரை மீறிச் சட்டமானது.

2022 தேர்தலில் நிலைமை இன்னும் மோசம். அவர் 73 சதவீதம் வாங்கினார், அவர் கட்சிக்கு செனட்டில் 30-இல் 7 இடம். 2023-இல் பட்ஜெட், வீட்டுச் சூட்டுக்கான எரிபொருள் சட்டம், குழந்தைப் பராமரிப்புக்காக 0.44 சதவீதச் சம்பள வரி என்று ஒன்றன்பின் ஒன்றாக அவரை மீறி நிறைவேறின. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. வீட்டோ தோற்றாலும் "நான் வேண்டாம் என்றேன்" என்பது ஊருக்குப் பதிவாகிவிடும். அந்தப் பதிவு 2024-இல் எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கையெழுத்தும் போடாமல் வீட்டோவும் போடாமல் விட்டால் என்ன ஆகும்?

சட்டமன்றம் கூடியிருக்கும் காலமென்றால் கெடு முடிந்ததும் தானாகச் சட்டமாகிவிடும். ஸ்காட் இந்த மூன்றாவது வழியை நிறையப் பயன்படுத்துகிறார். 2018-இல் பட்ஜெட்டை இரண்டு முறை வீட்டோ போட்டார். ஜூன் முடிந்தால் அரசு இயங்கப் பணம் இல்லை என்ற நிலை வந்ததும் மூன்றாவது பட்ஜெட்டைக் கையெழுத்தில்லாமல் விட்டுவிட்டார். காலநிலைச் சேதத்துக்கு எண்ணெய் நிறுவனங்களிடம் பணம் கேட்கும் 2024-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் அந்த மாதிரிச் சட்டம் அதுவே முதல்.

சிலருக்கு இது நழுவல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீறிவிடுவார்கள் என்று தெரிந்த இடத்தில் சண்டையை வீணாக்காமல், அதே சமயம் தன் பெயரையும் கொடுக்காமல் இருக்கும் கணக்கு அது.

துப்பாக்கி விஷயத்தில் சொந்த ஆட்களுக்கே துரோகம் செய்தார் என்கிறார்களே?

2016 பிரசாரத்தில், துப்பாக்கிச் சட்டத்தில் மாற்றம் தேவையில்லை என்றுதான் சொன்னார். வேட்டைப் பழக்கம் உள்ள கிராமப்புற மாநிலம், அந்த ஓட்டுகளும் அவருக்கு வந்தன. 2018 பிப்ரவரி 14-இல் ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் படுகொலை நடந்தது. அடுத்த சில நாள்களுக்குள் வெர்மான்ட்டின் ஃபேர் ஹேவன் ஊர்ப் பள்ளியில் அதேபோலச் சுடத் திட்டமிட்டதாக ஒரு 18 வயது இளைஞன் கைதானான். போலீஸ் பிரமாணப் பத்திரத்தைப் படித்த பிறகு ஸ்காட் மனம் மாறினார், மாறியதை வெளிப்படையாகவும் சொன்னார்.

ஏப்ரல் 11-ஆம் தேதி மூன்று மசோதாக்களில் கையெழுத்து. தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, வாங்கும் வயது பொதுவாக 21, துப்பாக்கியில் செருகும் மேகசினில் எத்தனை தோட்டா என்பதற்கு வரம்பு, ஆபத்தானவர்களிடமிருந்து துப்பாக்கியை எடுத்துவைக்கும் அதிகாரம். அறைக்குள் முடித்திருக்கலாம். கஞ்சா மசோதாவை அப்படித்தான் முடித்தார். இதை மட்டும் சட்டமன்றக் கட்டடத்தின் வாசல் படிக்கட்டில், திறந்த வெளியில், "துரோகி" என்று கத்திக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னால் போட்டார். கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதை நேரில் கேட்க எனக்குக் கடமை இருக்கிறது என்ற தோரணை.

விலையும் கொடுத்தார். அந்த ஆகஸ்டில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த முன்தேர்தலில் பெயர் தெரியாத ஒரு போட்டியாளருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓட்டுப் போனது. ஆனால் அதற்கப்புறம் எல்லாத் துப்பாக்கிச் சட்டத்துக்கும் தலையாட்டினார் என்று நினைக்காதீர்கள். 2019-இல் துப்பாக்கி வாங்க 24 மணி நேரம் காத்திருக்கச் சொன்ன மசோதாவை வீட்டோ போட்டார். 2023-இல் 72 மணி நேரம் என்று வந்தபோது மேலே சொன்ன மூன்றாவது வழி.

கொரோனா காலத்தில் இவருக்கு நல்ல பெயர் என்கிறார்கள், என்ன செய்தார்?

அடிக்கடி செய்தியாளர் கூட்டம் நடத்தினார், தானே எல்லாம் பேசாமல் ஒதுங்கி நின்றார். மருத்துவ விஷயத்தைச் சுகாதார ஆணையர் மார்க் லெவின் சொல்வார். நோய்ப் பரவல் கணக்கை வரைபடத்தோடு விளக்கியது நிதி ஒழுங்குமுறைத் துறைத் தலைவர் மைக்கேல் பீச்செக். வங்கியையும் காப்பீட்டையும் கண்காணிக்கும் துறைக்காரர்! எண்களோடு பழகியவர் என்று அவரிடம் கொடுத்திருந்தார்கள். ஸ்காட்டின் கீழ் வேலை செய்த அவரே பிறகு ஜனநாயகக் கட்சி சார்பில் நின்று மாநிலக் கருவூலத் தலைவர் ஆனார்.

தகுதியுள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஒரு தவணை தடுப்பூசி போட்டு முடித்தால் கட்டுப்பாடுகள் எல்லாம் ரத்து என்று அறிவித்தார். 2021 ஜூன் 14-இல் நாட்டிலேயே முதலாவதாக அந்த எண்ணைத் தொட்டதும் அன்றே ரத்து செய்தார்.

டிரம்புக்கு எதிராகவா ஓட்டுப் போட்டார்? சொந்தக் கட்சி வேட்பாளர் ஆச்சே?

2020-இல் பைடனுக்குப் போட்டதாக வாக்குப்பதிவு நாளிலேயே சொன்னார். அதற்கு முன்பே, 2019-இல், டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையை ஆதரித்த முதல் குடியரசுக் கட்சி ஆளுநர் இவர். 2021 ஜனவரி 6-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு டிரம்ப் விலக வேண்டும், இல்லாவிட்டால் விலக்கப்பட வேண்டும் என்றார். 2024 முன்தேர்தலில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலியை ஆதரித்தார். ஹேலி வென்ற ஒரே மாநிலம் வெர்மான்ட். நவம்பரில் கமலா ஹாரிஸுக்கு ஓட்டு.

அப்படியானால் பேசாமல் கட்சி மாறிவிடலாமே?

வெர்மான்ட்டுக்கு அதில் முன்னுதாரணமே உண்டு. 2001-இல் ஜிம் ஜெஃபர்ட்ஸ் என்ற அமெரிக்க செனட்டர் குடியரசுக் கட்சியை விட்டு வெளியேற, செனட்டின் பெரும்பான்மையே கைமாறியது.

ஸ்காட்டுக்கு அந்த அவசியம் வரவில்லை. வெர்மான்ட்டில் வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்வதில்லை, முன்தேர்தலில் யாரும் எந்தக் கட்சிச் சீட்டையும் வாங்கலாம். அதனால் டிரம்ப் ஆதரவாளர்கள் மட்டும் சேர்ந்து அவரைக் கவிழ்க்க முடியாது. தவிர, செலவு, வரி, வீடு கட்ட அனுமதி போன்ற விஷயங்களில் ஜனநாயகக் கட்சியோடு அவருக்கு உண்மையிலேயே ஒத்துப்போகாது. 50 வீட்டோ போட்டவர் அந்தப் பக்கம் போய் என்ன செய்வார்?

அவர் கம்பெனி விவகாரம் ஒன்று உண்டே, அதைப் பற்றிப் பேசமாட்டீர்களா?

பேசலாம். அவர் பங்குதாரராக இருந்த கட்டுமான நிறுவனம் அரசு ஒப்பந்த வேலைகளும் எடுக்கும். ஆளுநர் பதவிக்கு வரும்போது, அதில் தனக்கிருந்த 50 சதவீதப் பங்கை விற்றார். பிரச்சினை, விற்ற விதம். நிறுவனத்துக்கே 25 லட்சம் டாலருக்குக் கடனாக விற்றார். அதாவது நிறுவனம் அவருக்குத் தவணையாக, வட்டியோடு பணம் கட்டிக்கொண்டிருக்கும். நிறுவனம் நன்றாக இருந்தால்தான் தவணை வரும் என்றால் ஆளுநருக்கு அதில் அக்கறை இல்லையா என்று ஒரு பொதுநல அமைப்பு கேட்டது. புதிதாக உருவான மாநில நெறிமுறை ஆணையம் 2018-இல் இது நல முரண்தான் என்று கருத்துச் சொன்னது. பிறகு, அந்தக் கருத்தை உருவாக்கிய நடைமுறையே சரியில்லை என்று 2019-இல் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆக, தவறு நிரூபணமானது என்றும் சொல்ல முடியாது, கேள்வி தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. வெளியாள் ஒருவருக்கு மொத்தப் பணத்துக்கு விற்றிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்பது என் கருத்து.

தன் பெயருக்கு 73 சதவீதம், கட்சிக்கு ஒன்றுமில்லை. தனி ஆள் செல்வாக்குதானே இது?

2022 வரை இந்தக் குற்றச்சாட்டு சரி. 2024-இல் மாறியது. அங்கே பள்ளி பட்ஜெட்டை ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள், ஆனால் பணம் மாநிலம் முழுவதற்குமான சொத்து வரிக் குளத்திலிருந்து வரும். அதனால் பக்கத்து ஊர் செலவு செய்தாலும் உங்கள் வரி ஏறும். அந்த ஆண்டு சராசரி ஏற்றம் 14 சதவீதத்தை நெருங்கியது. அந்த வரி மசோதாவை ஸ்காட் வீட்டோ போட்டார், ஜூன் மாதம் சட்டமன்றம் மீறியது. சொத்து வரிச் சீட்டு வீட்டுக்கு வந்தபோது யார் வேண்டும் என்றார்கள், யார் வேண்டாம் என்றார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

இந்த முறை ஸ்காட் மற்ற வேட்பாளர்களுக்காகவும் இறங்கிப் பிரசாரம் செய்தார். செனட்டில் 7 என்பது 13 ஆனது. கீழவையிலும் ஜனநாயகக் கட்சி மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. மேலே சொன்ன 100, 20 என்ற இரண்டு எண்களும் எதிர்த்தரப்புக்கு எட்டாமல் போயின. துணை ஆளுநர் பதவியும் அவர் கட்சிக்கு வந்தது.

துணை ஆளுநரைச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுத்தது என்று படித்தேனே? மக்கள் ஓட்டு என்னாயிற்று?

ஆளுநர், துணை ஆளுநர், கருவூலத் தலைவர் ஆகிய மூவருக்கும் 50 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும் என்பது வெர்மான்ட் அரசியலமைப்பு விதி. யாருக்கும் கிடைக்காவிட்டால் சட்டமன்றம் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும். 2024-இல் முன்னிலையில் இருந்த ஜான் ராட்ஜர்ஸுக்குப் பாதி ஓட்டு கிடைக்கவில்லை. இவர் முன்பு ஜனநாயகக் கட்சி செனட்டராக இருந்தவர் என்பது இன்னொரு வேடிக்கை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை எதிர்க்கட்சிதான், இருந்தும் 2025 ஜனவரியில் முன்னிலை பெற்ற ராட்ஜர்ஸையே தேர்ந்தெடுத்தார்கள். 2014 தேர்தலில் ஷம்லினுக்கும் இதே நிலைதான் வந்தது.

செனட்டராகி வாஷிங்டன் போயிருக்கலாமே, ஏன் போகவில்லை?

வெர்மான்ட்டின் அமெரிக்க செனட்டர் பேட்ரிக் லேஹி ஓய்வு அறிவித்து, 2022 தேர்தலில் அந்த இடம் காலியானபோது கட்சித் தலைமை இவரை எதிர்பார்த்தது உண்மை. இவர் மறுத்துவிட்டார். கையிலெடுத்து நடத்தும் வேலைதான் அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது. 2023 ஜூலை வெள்ளத்தில் மான்ட்பீலியர் கடைவீதி மூழ்கியது. ஆளுநரின் வீட்டைச் சுற்றியும் சாலைகள் அடைபட, மறுநாள் காலை பனிவண்டித் தடம் ஒன்றின் வழியாக நடந்தே வெளியே வந்து நிவாரண வேலைக்குப் போனார்.

இத்தனை வருஷத்தில் தடுத்ததைத் தவிர உருப்படியாக என்னதான் செய்தார்?

கடினமான கேள்வி. முதல் 8 ஆண்டுகளைப் பார்த்தால் தடுத்தது அதிகம், கட்டியது குறைவு என்பதை அவர் ஆதரவாளர்களே ஒப்புக்கொள்வார்கள். பள்ளிச் செலவைக் குறைக்க வேண்டும் என்று 2017-இலிருந்து சொல்லி வந்தார், சட்டமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2024 தேர்தல் முடிவுக்குப் பிறகுதான் அவருடன் உட்கார்ந்து பேசினார்கள். 2025 ஜூலை 1-இல் அவர் கையெழுத்திட்ட கல்விச் சட்டம், 100-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பள்ளி மாவட்டங்களை (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) இணைத்துப் பெரிதாக்கவும், ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலமே நிதியை நிர்ணயிக்கவும் வழிசெய்கிறது.

இதை ஒரேயடியாக அல்ல, சில ஆண்டுகளில் படிப்படியாக நடைமுறைப்படுத்துவதாகத் திட்டம். எந்த ஊர் எந்த மாவட்டத்தோடு சேரும் என்ற வரைபடத்தைச் சட்டத்திலேயே வரையாமல் பின்னால் முடிவு செய்வதாக விட்டிருந்தார்கள். சின்ன ஊர்களின் பயமும் கோபமும் அந்த வரைபடத்தைச் சுற்றித்தான்.